சப்பாத்தால் அழித்த தடம்

ஒரு பந்து கோட்டைத் தொட்டு விழுந்ததை நான் பார்த்தேன். வெளியே என்று விரலைக் காட்டினேன். பிறகு அந்தப் பந்தின் தடத்தை என் வலது சப்பாத்தால் தேய்த்து அழித்தேன். பிழையான தீர்ப்புச் சொன்ன டெனிஸ் நடுவர்கள் உலகத்தில் ஏராளம். பிழை என்று தெரிந்துகொண்டே சொல்லி, சாட்சியையும் அழித்தவன் நான்.

நடுவர் வேலை பழக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, சென்ற வருடம் நம் கோர்ட்டில் நான் உயரக் கதிரையில் ஏறி, யாரும் விளையாடாத ஓர் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொன்னதை நீங்கள் பார்த்தீர்கள். கீழே ஒரு நெட்டை வெள்ளைக்காரரும் தொந்தி விழுந்த நம்மூர்க்காரர் ஒருவரும் நின்றார்கள். "சேருக்கு வெயில் பிடிச்சிட்டு" என்று உங்களில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. நடுவரின் காது அப்படித்தான். கேட்கக்கூடாதது எல்லாம் கேட்கும். வெயில் பிடிக்கவில்லை. என்ன நடந்தது என்று அன்று நீங்கள் கேட்டபோது பிறகு சொல்கிறேன் என்றேன். அந்தப் பிறகு இதுதான்.

முதலில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பெரிய போட்டிகளில் இப்போது கோட்டு நடுவர்களே இல்லை. கமரா பார்க்கிறது, ஒலிபெருக்கி கத்துகிறது. அந்தக் குரலுக்கு ஊர் இல்லை, மைத்துனன் இல்லை, மேலதிகாரி இல்லை. ஆனால் அந்த இயந்திரம் விற்கும் விலைக்கு அது நம் வாவியைத் தாண்டி வர இன்னும் வெகுகாலம் ஆகும். ஆகவே உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை. வறுமை உங்களைக் காப்பாற்றுகிறது. பிழை விட உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

எனக்கு வங்கியில் உத்தியோகம். வங்கி சோறு போட்டது. உயரக் கதிரை திமிர் போட்டது. லீவு எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக்கொண்டு கொழும்புக்கும் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் போய் நடுவராக இருந்தேன். அந்த உயரத்தில் ஏறி உட்கார்ந்தால் ஒரு கிளாக்கர்கூடக் கொஞ்சம் கடவுள் ஆகிவிடுவார்.

கொழும்பில் எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு மூத்த நடுவர். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள். மடிப்புக் கலையாத காற்சட்டை, வெள்ளைத் தொப்பி, அசையாத முகம். அவர் எனக்குத் தந்த வேதவாக்கு இது: பிழையைத் திருத்தினால் இரண்டு பிழை, விட்டது ஒன்று, ஒப்புக்கொண்டது இன்னொன்று, திருத்தாமல் இருந்தால் ஒன்றோடு போய்விடும். வங்கிக்காரனாகிய எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போனது.

அவர் அதை எப்படிக் கடைப்பிடித்தார் என்று ஒருமுறை பார்த்தேன். பெண்கள் இரட்டையர் ஆட்டம். ஒரு பக்கம் அக்காவும் தங்கையும். தங்கை சேர்வ் போடவேண்டிய முறையில் இவர் அக்காவின் பெயரை அறிவித்துவிட்டார். அக்கா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். இவர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தார். அக்கா சேர்வ் போட்டாள். அந்தக் கேம் முழுவதும் அவளே போட்டாள். முடிந்த பிறகு தங்கை கதிரையடிக்கு வந்து, அது தன்னுடைய முறை என்று மெதுவாகச் சொன்னாள். "அதை முதலே சொல்லியிருக்க வேண்டும்" என்று அவளைக் கண்டித்தார். அன்று மாலை தேநீர் குடிக்கும்போது அவருடைய ஆளுமையை நாங்கள் எல்லோரும் புகழ்ந்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்ந்தேன். அவர் ஓய்வுபெற்ற நாளில் போட்ட மாலையின் பாரத்தில் அவருடைய கழுத்து குனிந்தது. நான் அறிய அது குனிந்தது அந்த ஒருமுறைதான்.

இனி அந்த நெட்டை வெள்ளைக்காரரிடம், நெதர்லாந்தில் இருந்து வந்த ஒல்லாந்தனிடம் வருவோம். பெயர் வில்லெம். உலகத் தரவரிசையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்த ஓர் இளைஞன். ஒற்றையர் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே தோற்பதில் நல்ல தேர்ச்சி. கால் நீளம், ஓட்டம் இல்லை. வலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் வேறு ஆள். ஆற்றோரம் அசையாமல் நின்று மீனைக் கொத்தும் கொக்கைப்போல ஒரே கொத்து.

இரட்டையர் ஆட்டக்காரனின் தொழில் விசித்திரமானது. ஒற்றையர் ஆடுபவன் தோற்றால் தன்னைத் திட்டுவான். இரட்டையர் ஆடுபவன் தோற்றால் ஆளை மாற்றுவான். ஞாயிற்றுக்கிழமை தோற்று, திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் புதிய சோடி பேசி முடித்துவிடுவார்கள். நம் ஊர்க் கலியாணத் தரகர்கள் அந்த வேகத்தைக் கண்டால் தொழிலை விட்டுவிடுவார்கள். அந்தக் கிழமை கொழும்பில் போட்டி. வில்லெமின் சோடிக்காரன் கொழும்புக் கொத்துரொட்டியோடு மோதித் தோற்று, ஹோட்டல் கட்டிலில் கிடந்தான். ஒல்லாந்தனுக்கு அவசரமாக ஓர் ஆள் வேண்டும். கிடைத்தவன் நேசராசா.

நேசன் மட்டக்களப்புப் பொடியன். வாவிக்கரையில் இருந்த மிஷன் பாடசாலைக் கோர்ட்டில் பந்து பழகியவன். என் தம்பியோடு ஒரே வகுப்பு. பாதிச் சோறு எங்கள் வீட்டில்தான் தின்றான். அவனுடைய தகப்பனாருக்குச் செங்கலடியில் அரிசி மில் இருந்தது. மகன் மட்டையோடு திரிவது அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த இருவரும் வெல்லத் தொடங்கினார்கள். இரட்டையர் ஆட்டத்தில் பந்து நடுவால் வரும்போது யார் அடிப்பது என்று ஒருவர் கத்தவேண்டும். ஆங்கிலத்தில் கத்தினால் எதிரிக்கும் விளங்கும். ஆகவே நேசன் ஒல்லாந்தனுக்குத் தமிழ் பழக்கினான். "எனக்கு", "விடு", "பின்னால". அதோடு அவனுக்குக் கொக்கன் என்று பெயரும் வைத்தான். எதிரணிகள் விழித்தன. அந்தக் கோர்ட்டில் அவர்களுடைய இரகசியம் விளங்கிய ஒரே அந்நியன் கதிரையில் இருந்த நான்தான்.

அரையிறுதி நாள் காலை நேசன் கன்ரீனில் என்னிடம் வந்தான்.

"அண்ணன், இண்டைக்கு வெண்டா கொக்கன் என்னையும் இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போறானாம். வாற தரவரிசைப் புள்ளியோட ரெண்டு பேரும் சேந்தே போட்டிகளுக்குப் பதியலாமாம். அங்க வரிசையா போட்டி கிடக்கு."

"தோத்தா?"

"தோத்தா அவன் வேற ஆளத் தேடுவான். நான் போய் அப்பாட மில்லுல நெல்லு நிறுக்க வேண்டியதுதான்."

"வெல்லுவாய், போடா," என்றேன்.

இந்த இடத்தில்தான் முதல் குற்றம். விளையாடுபவன் தெரிந்தவன் என்றால் நடுவர் அதைப் போட்டி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் வேறு ஆளைப் போடுவார். நான் சொல்லவில்லை. நடுக் கோர்ட், வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், பத்திரிகைப் படப்பிடிப்பாளர். கதிரையை இன்னொருவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரன் இல்லையே, சோறு தின்றவன்தானே என்று எனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

அது போர்க்காலம். அடையாள அட்டையில் மட்டக்களப்பு என்று இருந்தால் கொழும்பில் பஸ் ஏறுவதே ஒரு பரீட்சை. அதை நான் சாட்டாகச் சொல்லப்போவதில்லை. அன்று கோர்ட்டில் என் அட்டையை யாரும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்து ஒரு வாங்குகூட நிறையவில்லை. அவர்களிலும் பாதிப் பேர் நிழலுக்கு வந்தவர்கள்.

அங்கே செம்மண் தூள் போட்ட கோர்ட். பந்து விழுந்த இடத்தில் நீள்வட்டமாக ஒரு தடம் பதியும். சந்தேகம் வந்தால் நடுவர் இறங்கிப் போய்த் தடத்தைப் பார்க்கவேண்டும். அங்கே எழுதாத ஒரு வழக்கமும் உண்டு. புள்ளியை இழந்தவன் தடத்தைத் தன் சப்பாத்தால் அழித்துவிட்டால், தீர்ப்பை ஏற்றுக்கொண்டான் என்று அர்த்தம். அழிக்கும் உரிமை அவனுக்கு மட்டும்தான்.

மூன்றாவது செட். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வில்லெமும் நேசனும் வென்றுவிடுவார்கள். எதிரணி வட இந்தியாவில் இருந்து வந்த இருவர். அவர்கள் வலையை நெருங்கி வர, நேசன் பந்தை அவர்களுடைய தலைக்கு மேலால் உயர்த்திப் போட்டான். அது பின்கோட்டடியில் இறங்கியது. கோட்டு நடுவர் இரண்டு கையையும் விரித்து, உள்ளே என்று காட்டினார். ஆட்டம் முடிந்தது.

நேசன் மட்டையை வானத்துக்கு எறிந்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணன், உள்ள! உள்ள அண்ணன்!"

சும்மா இருந்திருந்தால் அவனுக்கு இந்தியா கிடைத்திருக்கும். அண்ணன் என்ற சொல் கோர்ட் முழுவதும் கேட்டது. எனக்குக் காது இரண்டும் எரிந்தன. எல்லோருக்கும் விளங்கிவிட்டது, ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் கொடுக்கிறான் என்று நினைக்கப்போகிறார்கள் என்று நடுங்கினேன். உண்மையில் அங்கே தமிழ் விளங்கியவர்கள் தேநீர் கொண்டுவந்தவரும் நானும்தான்.

எதிரணிக்காரன் பின்கோட்டடியில் ஒரு தடத்தை மட்டையால் வட்டமிட்டுக்கொண்டு நின்றான். நான் இறங்கிப் போனேன். இறங்கும்போது கண்ணைப் பந்து விழுந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். இது உங்களுக்குப் படிப்பித்த பாடம். நான் நேசனைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். எதிரணிக்காரன் காட்டிய தடம் கோட்டுக்கு வெளியே இருந்தது. ஆனால் அது பழைய தடம்; விளிம்பு காய்ந்து உதிர்ந்திருந்தது. ஒரு சாண் தள்ளி, கோட்டின் வெள்ளையைக் கௌவிக்கொண்டு, ஈரம் காயாத புதிய தடம் ஒன்று இருந்தது. பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். விரலை உயர்த்தி வெளியே என்று காட்டினேன். திரும்பும்போது என் வலது கால் தானாக இழுபட்டது என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் தானாக இழுபடாது.

நான் நடுநிலையானவன் என்று காட்டுவதற்காகச் சொன்ன தீர்ப்பு அது. அப்படி ஒன்றைக் காட்ட வெளிக்கிட்ட உடனேயே நீங்கள் நடுநிலை தவறிவிட்டீர்கள் என்பதை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. உங்களுக்குப் படிப்பிக்கிறேன்.

வில்லெம் மறுபக்கத்தில் இருந்து வலையைத் தாண்டிப் பாய்ந்து வந்தான். எதிரணியின் பக்கத்துக்கு வந்து தடம் பார்ப்பது குற்றம். அவன் மண்ணைப் பார்த்தான், என் சப்பாத்தைப் பார்த்தான். கத்தவில்லை.

"நீ அதைத் துடைத்துவிட்டாய்," என்றான் ஆங்கிலத்தில்.

ஏற்கெனவே பந்தை வேலிக்கு மேலால் அடித்ததற்கு அவனுக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. இது இரண்டாவது. சட்டப்படி ஒரு புள்ளி வெட்டினேன். சட்டத்தில் நான் எப்போதும் மிகச் சரியானவன். அந்தக் கேம் போனது. அதன் பின்னால் செட்டும் போனது.

ஆட்டம் முடிந்தால் நடுவருக்குக் கைகொடுக்க வேண்டும். வில்லெம் கொடுக்காமல் போனான். நேசன் வந்து கொடுத்தான்.

"நன்றி, சேர்," என்றான்.

அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன் இல்லை, சேர். ஊரில் கலியாண வீட்டில் கண்டாலும், செத்த வீட்டில் கண்டாலும், "சுகமா இருக்கிறீங்களா சேர்" என்பான். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று என் மனைவி சொல்லுவாள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டு ஓம் என்பேன்.

வில்லெம் அடுத்த திங்கட்கிழமை காலை, இடது கைக்காரன் ஒருவனைச் சோடி சேர்த்துக்கொண்டு இந்தியாவுக்குப் போனான். அங்கே வென்றார்கள். பிறகு இன்னொருவன், பிறகு இன்னொருவன். ஆள் மாற மாற அவன் மேலே போனான். ஒருநாள் வீட்டில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் எங்கோ பெரிய அரங்கு. வலையடியில் அதே கொக்கு, தலையில் மட்டும் மயிர் குறைந்திருந்தது. பந்து நடுவால் வந்தது. அவன் தன் சோடிக்காரனைப் பார்த்துக் கத்தினான்.

"விடு!"

அந்தச் சோடிக்காரன் ஒரு செக் நாட்டவன். விட்டான். அரங்கம் கைதட்டியது. அறிவிப்பாளர் அந்தச் சொல்லை ஒல்லாந்து மொழி என்று விளக்கினார். வாவிக்கரையில் பிறந்த சொல் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்தவன் செங்கலடியில் நெல் நிறுத்துக்கொண்டிருந்தான். நான் ரீவியை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் நடுவராக இருந்தேன். மாலையும் போட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகுதான் மனச்சாட்சிக்கு நேரம் கிடைத்தது. வில்லெமும் அப்போது ஓய்வுபெற்று ஊரில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். தேடிப் பிடித்து அந்தத் தடத்தைப் பற்றி எல்லாவற்றையும் எழுதினேன். நல்ல ஆங்கிலம், இரண்டு தரம் திருத்தி எழுதினேன். பதில் ஒரு வரியில் வந்தது: விடுமுறைக்கு வருகிறேன், தேநீர் வாங்கித் தா.

மனைவியோடு பாசிக்குடாவில் தங்கியிருந்து, ஒருநாள் காலை தனியே மட்டக்களப்புக்கு வந்தான். வாவிக்கரையில் நடந்தோம். ஒல்லாந்தர் அந்தக் காலத்தில் பிடித்து வைத்திருந்த கோட்டையைக் காட்டி, உங்கள் ஆட்கள் இருந்த இடம் என்றேன்.

"எங்கள் ஆட்களும் கோடு தாண்டி வந்தவர்கள்தான். அவர்களுக்கு யாரும் புள்ளி வெட்டவில்லை," என்றான்.

பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, நான் முறைப்படி மன்னிப்புக் கேட்டேன். கேட்டு முடிந்து அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் வடையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு இரண்டு நாள் கோபம் இருந்தது," என்றான். "மூன்றாம் நாள் புதிய ஆள் கிடைத்தான். இடது கைக்காரன், உன் ஊர்க்காரனைவிட நன்றாகச் சேர்வ் போட்டான். உண்மையைச் சொன்னால் நீ எனக்கு நல்லதுதான் செய்தாய். நேசன் என்ன சொன்னான்?"

"எதற்கு?"

"இதே கதையை அவனுக்குச் சொன்னபோது."

நான் தேநீரைக் கலக்கினேன். சீனி ஏற்கெனவே கரைந்திருந்தது.

"சொல்லவில்லையா? அவன் செத்துவிட்டானா?"

"இல்லை. செங்கலடியில் இருக்கிறான்."

"அது எங்கே இருக்கிறது?"

"நீ வந்த வழியில்தான். பஸ்ஸில் அரை மணித்தியாலம்."

வில்லெம் வடையைக் கீழே வைத்தான். "எனக்கு நீ ஒல்லாந்துக்கு எழுதினாய்," என்றான்.

தம்பிமாரே, தங்கைமாரே, நான் கேட்ட தீர்ப்புகளில் மிகச் சரியானது அது. வெள்ளைக்காரனுக்குச் செய்தது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. ஊர்ப் பொடியனுக்குச் செய்தது பழக்கத்தில் கரைந்துபோனது. கண்ணைத் தடத்தில் வைக்காமல் வேறு எங்கோ வைப்பது எனக்கு அன்று மட்டும் நடந்த பிழை இல்லை.

அவன் கொண்டுவந்த வாகனத்திலேயே செங்கலடிக்குப் போனோம். மில்லுக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நேசன் உள்ளங்கையில் அரிசியை வைத்து ஊதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கினான்.

"டேய் கொக்கா," என்றான்.

இருவரும் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்துகொண்டார்கள். தவிட்டுத் தூசி பறந்தது. அதன் பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வாங்க சேர். இரிங்க."

இரண்டு அரிசி மூட்டையில் இருந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"நேசன், அண்டைக்கு அந்தப் பந்து உள்ளதான்."

"எந்தப் பந்து சேர்?"

அவன் அரிசியைத் திரும்ப மூட்டைக்குள் போட்டான்.

"பகிடிக்குக் கேட்டன். நான் அடிச்ச பந்து. அது எங்க விழுந்த எண்டு உங்களக் கேட்டா நான் தெரிஞ்சுகொள்ள வேணும்?"

"தடத்தையும் நான்தான் அழிச்சன்."

"அதுவும் தெரியும். பக்கம் மாறிப் போகக்குள்ள பாத்தன். உங்கட சப்பாத்துத் தடம் பெரிசு."

வில்லெம் என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டான். நேசன் அவனுக்கு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தான்.

"அந்த நேரம் கொக்கன் போட்டி அதிகாரியிட்டப் போக வெளிக்கிட்டவன். உங்கள இறக்கிட்டு வேற ஆளப் போடச் சொல்ல. என்னட்டக் கேட்டான், நீ அவரை என்னமோ சொல்லிக் கூப்பிட்டாயே, உனக்குத் தெரிஞ்ச ஆளா எண்டு. தெரிஞ்ச ஆள் எண்டா உங்கட கதிரை அண்டையோட சரி. தெரியா எண்டு சொன்னன்."

"என்னத்துக்கு அப்பிடிச் சொன்னாய்?"

"மட்டக்களப்பில இருந்து அந்தக் கதிரையில ஏறினது நீங்க ஒராள்தான் சேர். உங்கள இழுத்து விழுத்தினா மறுகா நம்மட ஆக்கள்ள ஆர ஏத்துவானுகள்?"

இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எந்தப் பயத்தில் அவனைக் கைவிட்டேனோ, அதே பயத்தில் அவன் என்னைக் காப்பாற்றியிருந்தான். அதற்கு அவன் கொடுத்தது இந்தியா.

வில்லெமுக்கு இது புதிய செய்தி. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் எழுந்தான். தலை தாழ்வாரக் கம்பில் இடித்தது.

"ஹோட்டலில் சாப்பாடு பரிமாறுபவனைக்கூட அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம் என்று என்னிடம் சொன்னாயே," என்றான் தலையைத் தடவிக்கொண்டு.

"ஓம், அப்படித்தான் கூப்பிடுவோம். அதில் பொய் இல்லை," என்றான் நேசன் ஆங்கிலத்தில்.

"நான் இப்போது இரண்டு பேரிலும் கோபமாக இருக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வில்லெம் மறுபடி மூட்டையில் இருந்தான்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று நேசனிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றான். திரும்பவும் கேட்டேன்.

"என்ர தங்கச்சிர மகள் உங்களிட்டத்தான் பழக வாறவள். பிழை விட்டா அந்த இடத்திலேயே திருத்துங்க எண்டு சேர் படிப்பிக்கிறார் மாமா எண்டு வந்து சொன்னவள். எனக்குச் சிரிப்பு அடக்கேலாமப் போச்சு. அவளுக்கு முன்னால கதிரையில ஏறிச் சொல்லுங்க. எனக்குச் சொல்லி என்ன, எனக்குத்தான் தெரியுமே."

அடுத்த நாள் நீங்கள் பார்த்தது அதுதான். முழங்கால் நோவோடு ஏறினேன். "திருத்தம். பந்து உள்ளே," என்றேன். என் தொழில் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் சொன்னதே இல்லை. மூத்த நடுவரின் கணக்கு அப்படி. "கேம், செட், மட்ச், வில்லெம், நேசராசா," என்றேன். அவர்கள் இருவரும் வலைக்குப் போய், எதிரே இல்லாத இருவருக்கும் காற்றில் கைகொடுத்தார்கள். வில்லெம் என்னிடம் வந்து, அன்று கொடுக்காத கையை எலும்பு நோகக் கொடுத்தான். வரவேண்டிய தரவரிசைப் புள்ளிகளை வட்டியோடு அனுப்பும்படி சொன்னான். அவனுக்குப் பின்னால் நேசன் வந்தான். அவன் வாயை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒளிக்கமாட்டேன், ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

"நன்றி, சேர்," என்றான்.

கொழும்பில் எங்கள் ஆட்களுக்கும் சொல்லவேண்டும் என்று தொலைபேசி எடுத்தேன். பொறுப்பில் இருக்கும் இளைஞர் பொறுமையாகக் கேட்டார். "ஐயா, அந்தக் கோர்ட் இப்போது வாகனம் நிறுத்தும் இடம்," என்றார். பிறகு உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்.

அன்றே நேசனின் மருமகள் என்னிடம் வந்தாள். உங்களில் ஒருத்திதான்; பெயர் சொன்னால் கோபிப்பாள். கையில் சட்டப் புத்தகம்.

"சேர், நடுவர் திருத்திறதெண்டா உடன திருத்தோணும் எண்டுதானே இதில கிடக்கு. அப்ப நீங்க இண்டைக்குச் சொன்னது செல்லுமா?"

"செல்லாது," என்றேன். உடனே சொன்னால் அது திருத்தம். இத்தனை காலம் கழித்துச் சொன்னால் அது வெறும் செய்தி.

ஒரு மாதம் போயிருக்கும். நம் கோர்ட்டில் மூத்தோர் இரட்டையர் ஆட்டம். நேசன் வாழைச்சேனைக்காரர் ஒருவரோடு சோடி. வில்லெம் போய்விட்டான். கதிரைக்கு அவளுடைய பெயரைத்தான் போட்டிருந்தேன். ஆட்டம் தொடங்கும் நேரம் வந்து நின்றாள்.

"சேர், அது என்ர மாமா. நான் இருக்க ஏலா. வேற ஆளப் போடுங்க."

அன்று வேறு யாரும் வரவில்லை. உங்களில் மற்றவர்கள் எல்லோரும் எங்கே போனீர்கள் என்று இப்போது கேட்கமாட்டேன்.

"அப்ப நான் ஏறட்டா?" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நீங்களும் ஏலா சேர். நீங்களும் அவருக்குத் தெரிஞ்ச ஆள்தானே."

ஆகவே உயரக் கதிரை வெறுமையாக இருந்தது. நாங்கள் இருவரும் வேலியோரம் வாங்கில் இருந்தோம். நால்வரும் தங்கள் தங்கள் பக்கத்துக் கோடுகளுக்குத் தாங்களே தீர்ப்புச் சொல்லி விளையாடினார்கள். ஒரு சண்டையும் வரவில்லை. நடுவர் தொழிலில் ஆயுளைக் கழித்த ஒருவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவ்வளவு மகிழ்ச்சியான காரியம் இல்லை.

கடைசிக் கேமில் எதிரணி அடித்த பந்து நேசனின் பின்கோட்டடியில் விழுந்தது. அது வெளியே என்றால் ஆட்டம் அவனுக்கு. அவன் கிறுகித் திரும்பி, பழைய பழக்கத்தில் கதிரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையை அசைக்கவில்லை. நம் கோர்ட்டும் மண்தான். அவன் தொந்தியைத் தாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"உள்ள," என்றான் எதிரணிக்கு.

பிறகு தன் சப்பாத்தால் அந்தத் தடத்தைத் தேய்த்துவிட்டு, அடுத்த பந்துக்குப் போய் நின்றான்.